இடது காதில் மட்டும் ‘ரெஃபர்’: பன்னிரண்டு நாள் குழந்தைக்கு இப்போது என்ன செய்வது?

சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கேள்வி நீளமாக இருந்ததால் சுருக்கித் தருகிறேன். அவர் மனைவிக்குத் தாய்வீடு ஏற்காட்டுப் பக்கம். ஆடி மாதம் அங்கே போயிருந்தபோது நான்காவது மாதம் முடியும் நேரம். 3 நாள் காய்ச்சல், உடம்பெல்லாம் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. ‘அம்மா வந்திருக்கா’ என்று மாமியார் வேப்பிலை வைத்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடித்துவிட்டார். டாக்டரிடம் போகவில்லை. மார்கழியில் சேலத்தில் பிரசவம், ஆண் குழந்தை, நல்ல எடை, பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. மூன்றாம் நாள் எடுத்த காது டெஸ்டில் வலது காது ‘பாஸ்’, இடது காது ‘ரெஃபர்’, அதாவது மறுபடி பார்க்க வேண்டும். ஒரு மாதம் கழித்து வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். இன்றைக்கு 12-ஆம் நாள். தாயும் பிள்ளையும் மலையில் இருக்கிறார்கள். மூத்தவளுக்கு 3 வயது, அங்கன்வாடிக்குப் போகிறாள். கர்ப்பத்தின் மூன்றாம் மாதத்தில் எடுத்த டார்ச் ரிப்போர்ட்டில் (வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கும் தொற்றுகளைப் பார்க்கும் ரத்த டெஸ்ட்) ரூபெல்லா என்ற ஜெர்மன் தட்டம்மை, சிஎம்வி என்ற வைரஸ் இரண்டுக்கும் ஐஜிஜி (உடம்பு முன்பே பார்த்ததன் அடையாளம்) பாசிட்டிவ், ஐஜிஎம் (புதிய தொற்றின் அடையாளம்) நெகட்டிவ். ‘கொலுசை ஆட்டினால் பையன் திடுக்கிடுகிறான், காதில் தண்ணீர் நிற்கும், தானாகச் சரியாகிவிடும்’ என்கிறார் மாமியார். அந்தக் காய்ச்சல்தான் காதைக் கெடுத்துவிட்டதா, மற்ற வைரஸ்களாலும் இப்படி ஆகுமா என்று தம்பி கேட்கிறார்.

தம்பி, மற்றதைப் பிறகு படிக்கலாம். முதலில் இதைச் செய்யுங்கள். நாளைக்கோ நாளை மறுநாளோ குழந்தையைக் கீழே அழைத்து வந்து குழந்தை மருத்துவரிடம் காட்டி, குழந்தையின் சிறுநீரில் சிஎம்வி வைரஸையே நேரடியாகத் தேடும் பிசிஆர் டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று கேளுங்கள். ‘இடது காது ரெஃபர் ஆகியிருக்கிறது, அதனால்தான் கேட்கிறேன்’ என்று சொல்லுங்கள். இந்த டெஸ்டுக்குக் குழந்தை பிறந்து 21 நாள்தான் அவகாசம். உங்களிடம் மிச்சம் இருப்பது 9 நாள். காது டெஸ்டை ஒரு மாதம் கழித்து மறுபடி எடுக்கலாம், அதில் பெரிய நஷ்டம் இல்லை. சிறுநீருக்கு மட்டும் அந்த ஒரு மாதம் கிடையாது.

மார்கழிக் குளிரில் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கினால் குழந்தைக்குக் காது அடைக்காதா என்று வீட்டில் கேட்பார்கள். நமக்கு அடைப்பது போல அதற்கும் கொஞ்சம் அடைக்கலாம். இறங்கும்போது பால் கொடுத்துக்கொண்டே வந்தால் விழுங்க விழுங்கச் சரியாகிவிடும். அது நடுக்காதில் காற்றழுத்தம் மாறுவதால் வருவது. நாம் இங்கே கவலைப்படுவது உட்காதைப் பற்றி, அதற்கும் மலைச்சாலைக்கும் சம்பந்தம் இல்லை. வெயில் வந்தபின் நன்றாகப் போர்த்திக்கொண்டு கிளம்புங்கள்.

சரி, இப்போது விளக்கம்.

கர்ப்பத்தில் வரும் வைரஸ் குழந்தையின் காதைக் கெடுக்கும் என்பது உலகத்துக்குத் தெரியவந்ததே ஒரு தடிப்புக் காய்ச்சலால்தான். 1941-ல் சிட்னியில் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவரிடம் பிறவியிலேயே கண்புரையோடு குழந்தைகள் வரிசையாக வந்தார்கள். காத்திருக்கும் அறையில் தாய்மார்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்தது. கர்ப்பத்தின்போது தங்களுக்கு ஜெர்மன் தட்டம்மை வந்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் கணக்கெடுத்த 78 குழந்தைகளில் 68 பேரின் தாய்மார்களுக்கு ரூபெல்லா வந்திருந்தது. அந்தக் குழந்தைகளில் பலருக்குக் காதும் கேட்கவில்லை என்பது அடுத்த சில ஆண்டுகளில் தெளிவானது. பிறகு ஆலிவர் லங்காஸ்டர் என்ற புள்ளியியல்காரர் ஆஸ்திரேலியாவின் பழைய மக்கள்தொகைக் கணக்கைத் தோண்டினார். 1911 கணக்கெடுப்பில் 10 முதல் 14 வயதுக்குள் காது கேளாதவர்கள் மட்டும் ஏன் அவ்வளவு அதிகம் என்று யாருக்கும் புரியாமல் கிடந்தது. அவர்கள் பிறந்த காலத்தை ஒட்டி ரூபெல்லா பரவியிருந்ததை அவர் 1951-ல் எடுத்துக் காட்டினார். ஒரு தலைமுறைக் குழந்தைகளின் செவி போன காரணம் அரை நூற்றாண்டு கழித்து, அதுவும் மக்கள்தொகைப் புத்தகத்திலிருந்து வந்தது. எனக்கு இந்தக் கதையில் பிடித்தது அந்தக் காத்திருக்கும் அறைதான். தாய்மார்கள் பேசுவதை டாக்டர் கவனித்துக் கேட்டிருக்கிறார்.

ரூபெல்லா கர்ப்பத்தின் முதல் 12 வாரத்தில் வந்தால் குழந்தையைத் தொடும் வாய்ப்பு 90 சதவீதம் வரை போகும். கண், இதயம், காது மூன்றும் அடிபடலாம். 13-இலிருந்து 16 வாரத்துக்குள் வந்தால் கண்ணும் இதயமும் தப்பி, காது மட்டும் போவதுண்டு. 20 வாரத்துக்குப் பின் ஆபத்து மிகக் குறைவு. உங்கள் மனைவிக்குக் காய்ச்சல் வந்தது கிட்டத்தட்ட 16-ஆம் வாரம். கணக்குப்படி பார்த்தால் பயப்பட வேண்டிய நேரம்தான். ஆனால் உங்கள் கையில் ஒரு நல்ல காகிதம் இருக்கிறது. காய்ச்சலுக்கு முன்பே, மூன்றாம் மாதத்தில் எடுத்த ரத்தத்தில் ரூபெல்லா ஐஜிஜி பாசிட்டிவ், ஐஜிஎம் நெகட்டிவ். அதாவது ரூபெல்லாவுக்கு எதிரான காவல் அவர் உடம்பில் அப்போதே இருந்தது. சின்ன வயதில் வந்துபோனதாலோ ஊசியாலோ வந்திருக்கும். ஆகவே ஆடி மாதம் வந்தது ரூபெல்லாவாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. தடிப்போடு காய்ச்சல் கொடுக்கிற வைரஸ் ஏகப்பட்டது. நம் ஊரில் அம்மை என்ற ஒரே சொல்லுக்குள் தட்டம்மை, சின்னம்மை, ரூபெல்லா, சில சமயம் டெங்கு தடிப்புகூட அடங்கிவிடுகிறது. மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்வதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை, ஆடியில் கோட்டை மாரியம்மன் கோயிலுக்கு நானும்தான் போகிறேன். வேப்பிலை வைத்த கையோடு நர்ஸம்மாவிடமும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே ரத்தம் எடுத்து என்ன காய்ச்சல் என்று பார்த்திருக்கலாம். போகட்டும். உங்கள் மாமியார் மேல் இந்தப் பழியைப் போடாதீர்கள், ஏனென்றால் அந்தக் காய்ச்சலுக்கும் இந்த ரெஃபருக்கும் தொடர்பே இல்லாமல் போகலாம்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், குழந்தையின் காதை அதிகம் கெடுக்கிற வைரஸ் பெரும்பாலும் காய்ச்சலே தராது. அதன் பெயர் சைட்டோமெகலோ வைரஸ், சுருக்கமாக சிஎம்வி. அக்கி, சின்னம்மை தரும் வைரஸ்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. பெரியவர்களுக்கு வந்தால் இரண்டு நாள் அசதி, லேசாகத் தொண்டை வலி, பலருக்கு அதுகூட இருக்காது. வந்தது வந்த சுவடு தெரியாமல் உடம்பிலேயே தங்கிவிடும். நம் நாட்டில் கர்ப்பிணிகளைச் சோதித்தால் 10 பேரில் 9 பேருக்கு மேல் ஐஜிஜி பாசிட்டிவ் வரும். அதனால் ரிப்போர்ட்டில் அந்தச் சொல்லைப் பார்த்து யாரும் மிரள வேண்டாம். இந்த டார்ச் ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு, தடித்த எழுத்தில் பாசிட்டிவ் என்றிருப்பதைப் பார்த்து அழுதபடி வந்த பெண்கள் எத்தனையோ பேர். ஐஜிஜி என்றால் உடம்பு அந்தக் கிருமியை முன்பே பார்த்திருக்கிறது என்று பொருள், அவ்வளவுதான். ஐஜிஎம் பாசிட்டிவ் வந்தால்கூட அது பல மாதம் பழையதாக இருக்கலாம், பொய்யாகவும் வரலாம். அந்த நேரத்தில் அவிடிட்டி என்று இன்னொரு டெஸ்ட் வைத்துத்தான் புதிய தொற்றா பழையதா என்று முடிவு செய்ய முடியும்.

அப்படியானால் ஐஜிஜி பாசிட்டிவான தாயின் குழந்தைக்கு சிஎம்வி போகாதா? போகலாம், இதைத்தான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். முதல் முறையாகக் கர்ப்பத்தில் தொற்று வந்தால் குழந்தைக்குப் போகும் வாய்ப்பு 30 முதல் 40 சதவீதம். ஏற்கெனவே வந்தவருக்கு உள்ளே தூங்கும் வைரஸ் விழித்துக்கொண்டாலோ, வேறு ரகம் புதிதாகத் தொற்றினாலோ அந்த வாய்ப்பு 1 சதவீதம் அளவுக்குத்தான். ஆனால் நம்மிடையே பெரும்பாலான தாய்மார்கள் அந்த இரண்டாம் வகை. அதனால் நம் நாட்டில் சிஎம்வியோடு பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் ‘காவல் இருக்கிறது’ என்று சொல்லப்பட்ட தாய்மார்களின் குழந்தைகள்தான். ரூபெல்லாவில் ஐஜிஜி பாசிட்டிவ் என்றால் நிம்மதியாக இருக்கலாம். சிஎம்வியில் அது அரை நிம்மதிதான்.

எண்ணிக்கையைப் பார்ப்போம். உலக அளவில் 200 குழந்தைகளில் ஒன்றாவது பிறக்கும்போதே சிஎம்வியோடு பிறக்கிறது. அவர்களில் 10-இல் 9 குழந்தைகளுக்குப் பிறக்கும்போது ஒரு அறிகுறியும் இருக்காது, உங்கள் பையனைப் போல கொழுகொழுவென்று இருப்பார்கள். அறிகுறியோடு பிறப்பவர்களில் மூன்றில் ஒருவரிலிருந்து பாதிப்பேர் வரை செவித்திறனை இழக்கிறார்கள். அறிகுறி இல்லாதவர்களிலும் 10 முதல் 15 சதவீதம் பேருக்குப் பின்னால் கேட்பது குறையும். அமெரிக்காவில் போட்ட கணக்குப்படி பிறவிச் செவித்திறன் குறைவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்த வைரஸால் வருகிறது. மரபணுவை அடுத்து பெரிய காரணம் இதுதான். ஆனால் சேலத்தில் காது கேளாத குழந்தையின் பெற்றோரிடம் காரணம் என்ன என்று கேட்டால் சொந்தத்தில் கட்டியது, கிரகணத்தில் வெளியே வந்தது, தறிச் சத்தம் என்று அடுக்குவார்கள். முதலில் சொன்னதில் நிச்சயம் உண்மை இருக்கிறது, மாமன் மகள், அக்கா மகள் கட்டும் வழக்கத்தால் மரபணு வழிச் செவிடு நம் பகுதியில் அதிகம். சிஎம்வி என்ற பெயரைச் சொன்ன பெற்றோரை காது டெஸ்ட் எடுக்கும் என் 22 வருஷ வேலையில் விரல்விட்டு எண்ணலாம்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், தாமதமாக ஏன் கெடுகிறது என்பது அதில்தான் புரியும். உட்காதில் நத்தை ஓடு மாதிரி இரண்டரைச் சுற்றுச் சுருண்ட ஒரு குழாய். அதற்குள் திரவம், திரவத்தில் மூழ்கியபடி நுண்ணிய மயிர்செல்கள். சத்தம் வந்தால் அந்த மயிர் அசைந்து மின்துடிப்பாக மாறி மூளைக்குப் போகிறது. இதற்கு மின்சாரம் வேண்டுமே? குழாயின் பக்கச் சுவரில் ஒரு திசு, செல்போன் சார்ஜர் மாதிரி, பொட்டாசியத்தைத் திரவத்துக்குள் தள்ளித் தள்ளி ஏறக்குறைய 80 மில்லிவோல்ட் அழுத்தத்தை எப்போதும் தக்கவைக்கிறது. சிஎம்வி குறிவைக்கும் இடங்களில் முக்கியமானது இந்தச் சார்ஜர். மயிர்செல்கள் பிறந்த அன்று உயிரோடு இருக்கலாம், டெஸ்டில் பாஸும் ஆகலாம். சார்ஜர் மெல்ல மெல்லத் தளர்ந்தால் சில மாதத்திலோ 3 வயதிலோ அவை ஒவ்வொன்றாகப் போகத் தொடங்கும். ஒரு காதில் ஆரம்பித்து மறு காதுக்கும் போகலாம், ஒரு மாதம் குறைந்து அடுத்த மாதம் ஏறி மறுபடி குறையவும் செய்யலாம். உங்கள் பையனுக்கு வலது காதில் வந்த ‘பாஸ்’ஐயும் இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். சிஎம்வி இருந்தால் அந்தப் பாஸ் அன்றைய தேதிக்கு மட்டும் செல்லும்.

இதை நான் ஒரு அடி வாங்கித்தான் கற்றுக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நாகலூர்ப் பக்கம் எஸ்டேட்டில் வேலை செய்யும் ஒரு பெண், குழந்தையோடு வந்தார். இரண்டு காதும் பாஸ். ‘காது நன்றாக இருக்கிறது, இனிமேல் வரத் தேவையில்லை’ என்று நானே சொல்லி அனுப்பினேன். இரண்டரை வயதில் பேச்சு வரவில்லை என்று அதே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். இடையில் யாரிடமோ காட்டியபோது, சின்னதில் டெஸ்ட் பண்ணியாச்சு, காது நன்றாகத்தான் இருக்கிறது என்று என் சீட்டைத்தான் காட்டியிருக்கிறார். பெரா என்ற காது நரம்பு டெஸ்ட் எடுத்துப் பார்த்தால் இரண்டு காதிலும் கடுமையான குறைவு. அது சிஎம்விதானா என்று அந்த வயதில் உறுதி செய்ய வழி இல்லை. ‘இனிமேல் வரத் தேவையில்லை’ என்று அதற்குப் பின் நான் யாரிடமும் சொன்னதில்லை.

21 நாள் கணக்கு ஏன் என்று உங்கள் டாக்டரே கேட்கலாம், எல்லா இடத்திலும் இது பழக்கத்தில் இல்லை. வயிற்றுக்குள்ளேயே வைரஸ் வந்திருந்தால் பிறந்த முதல் நாளிலிருந்து சிறுநீரிலும் எச்சிலிலும் அது கொட்டும். பிரசவத்தின்போதோ தாய்ப்பாலிலோ வந்த தொற்று என்றால் வெளியே தெரிய 3 வாரத்துக்கு மேல் ஆகும். அந்த வழியில் வரும் தொற்று நிறைமாதக் குழந்தையின் காதைக் கெடுப்பதில்லை. ஆகவே 21 நாளுக்குள் பாசிட்டிவ் வந்தால் வயிற்றில் வந்தது என்று சொல்லலாம். அதற்குப் பின் வந்தால் எப்போது வந்ததென்று பிரிக்க முடியாது. ஆமாம், தாய்ப்பாலில் வைரஸ் வரும். அதற்காகப் பாலை நிறுத்தவே கூடாது.

டெஸ்ட் எடுக்கும்போது இரண்டு விஷயம். குழந்தையின் ரத்தத்தில் ஐஜிஜி பார்க்கலாம் என்று லேபில் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். தாயின் ஐஜிஜி தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்கு வந்திருக்கும், பாசிட்டிவ் வந்தால் அது அம்மாவுடையதுதான். பிசிஆர்தான் வேண்டும். சிறுநீர் எடுக்கப் பசை ஒட்டிய சின்னப் பை வைப்பார்கள், பையன் என்பதால் சுலபம். அது கிடைக்கவில்லை என்றால் வாயில் பஞ்சுக்குச்சி வைத்து எச்சில் எடுக்கலாம், ஆனால் பால் குடித்து ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாலில் உள்ள வைரஸைப் பிடித்துவிடும். எச்சிலில் பாசிட்டிவ் வந்தால் சிறுநீரில் உறுதி செய்துகொள்ள வேண்டும், அதுவும் 21 நாளுக்குள். எல்லா லேபிலும் செய்யமாட்டார்கள், பெரும்பாலும் மாதிரியை வெளியூருக்கு அனுப்புவார்கள். சில ஆயிரம் ரூபாய் ஆகும். மாதிரி எடுத்த தேதிதான் கணக்கு, ரிசல்ட் வரும் தேதி பின்னால் போனாலும் பரவாயில்லை.

கொலுசு விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊரில் வெள்ளிக் கொலுசுக்குக் குறைவில்லை, அதனால் எல்லாப் பாட்டியும் கொலுசு ஆட்டித்தான் காது டெஸ்ட் செய்வார்கள். இடது காது சுத்தமாகக் கேட்காவிட்டாலும் வலது காது கேட்டு உங்கள் பையன் திடுக்கிடுவான். கொலுசின் கிலுகிலு மேல்சுருதி ஒலி. கீழ்சுருதியில் குறை இருந்தால் அதில் தெரியாது. சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்புவதெல்லாம் 4, 5 மாதத்துக்குப் பிறகுதான் எதிர்பார்க்க வேண்டும். ஒரு காது மட்டும் கேட்காத பிள்ளைகளை வீட்டில் யாரும் கண்டுபிடிப்பதே இல்லை. பேச்சு வந்துவிடும், பாட்டுப் பாடும். பள்ளிக்கூடத்தில் பின் பெஞ்சில் உட்கார வைத்ததும் ‘கவனம் இல்லாத பையன்’ என்று பெயர் வாங்கும். தறி ஓடும் வீட்டில் அம்மா எந்தப் பக்கம் இருந்து கூப்பிடுகிறாள் என்று தெரியாமல் சுற்றிச் சுற்றிப் பார்க்கும்.

அதே சமயம் மாமியார் சொல்வதிலும் பாதி சரி. மூன்றாம் நாள் ‘ரெஃபர்’ என்று வந்த பெரும்பாலான குழந்தைகளுக்குக் காதில் ஒன்றும் இருக்காது. பிறந்த குழந்தையின் காதுக் குழாயில் மாவு மாதிரி பிசுக்கும், நடுக்காதில் திரவமும் கொஞ்ச நாள் நிற்கும். நீங்கள் எடுத்தது ஓஏஇ டெஸ்டாக இருக்கும். காதில் சின்ன முனையை வைத்து ஒலி அனுப்பி, மயிர்செல்கள் திருப்பித் தரும் எதிரொலியைப் பிடிப்பது. குழாய் அடைத்திருந்தால் எதிரொலி வராது. அதனால் இந்த வாரமே இறங்கி வரும்போது ஓஏஇயை மறுபடி எடுத்துவிடுங்கள். மறுபடியும் ரெஃபர் என்றால் பெரா எடுக்க வேண்டும். தலையில் ஒயர் ஒட்டி, குழந்தை தூங்கும்போது காது நரம்பிலிருந்து மூளைத் தண்டுவரை சிக்னல் போகிறதா என்று பார்ப்பது. வலிக்காது. இந்த வயதில் பால் கொடுத்துத் தூங்க வைத்தாலே போதும், மயக்கமருந்து தேவைப்படாது, இன்னும் 6 மாதம் போனால் அந்த வசதி போய்விடும். 1 மாதத்துக்குள் முதல் சோதனை, 3 மாதத்துக்குள் குறை உண்டா இல்லையா என்ற முடிவு, 6 மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பது உலகம் முழுக்க நாங்கள் பின்பற்றும் கணக்கு. ஓஏஇ இரண்டாம் முறை பாஸ் ஆகிவிட்டால் சிறுநீர் டெஸ்ட் எதற்கு என்று கேட்டால், எனக்கென்றால் அப்போதும் எடுப்பேன். ஏற்கெனவே ஒரு ரெஃபர் வந்திருக்கிறது, வீட்டில் 3 வயதுப் பிள்ளை இருக்கிறது, நாள் ஓடிக்கொண்டிருக்கிறது.

பிசிஆர் நெகட்டிவ் வந்தால் சிஎம்வி கதை முடிந்தது. காது அப்போதும் ரெஃபர் என்றால் வேறு காரணம் தேடுவோம். நீங்கள் சொந்தத்தில் கட்டியவரா என்பதை எழுதவில்லை, டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள்.

பாசிட்டிவ் வந்தால் பதறாமல் அடுத்த அடி வைக்கலாம். ரத்த அணுக்கள், கல்லீரல், கண், தலை ஸ்கேன் எல்லாம் பார்ப்பார்கள். வால்கான்சைக்ளோவிர் என்று வாய்வழி மருந்து இருக்கிறது. உடல் எடைக் கணக்கில் தினம் இரு வேளை, 6 மாதம். முதல் மாதத்துக்குள் தொடங்குவது வழக்கம், நான் அவசரப்படுத்துவதற்கு அதுவும் காரணம். 6 வாரம் கொடுத்த குழந்தைகளைவிட 6 மாதம் கொடுத்தவர்களுக்குக் கேட்கும் திறன் கொஞ்சம் மேலாக நின்றது என்று 2015-ல் வந்த ஆய்வு காட்டியது. கொஞ்சம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். போன காதைத் திருப்பித் தரும் மருந்தில்லை இது, இருப்பதைக் காக்கும் முயற்சி. வெள்ளணுக்கள் குறையக்கூடும் என்பதால் அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். நோய் பல உறுப்புகளைத் தொட்ட குழந்தைக்குக் கொடுப்பதில் டாக்டர்களிடையே கருத்து வேறுபாடு குறைவு. காதில் மட்டும் குறை உள்ள குழந்தைக்குக் கொடுக்கலாமா என்பதில் ஆளுக்கு ஒரு கருத்து இருக்கும். சேர்ந்து உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் முதல் வருஷம் 3 மாதத்துக்கு ஒரு முறையாவது, பிறகு 3 வயது வரை 6 மாதத்துக்கு ஒரு முறை, அதன்பின் பள்ளி சேரும் வயது தாண்டும்வரை வருஷம் ஒரு முறை செவித்திறன் பார்க்க வேண்டும்.

கேட்கும் கருவியைக் கைக்குழந்தைக்கே மாட்டலாம். இரண்டு காதும் கருவிக்கு எட்டாத அளவு போனால் காக்லியர் இம்ப்ளாண்ட், அதாவது அறுவை செய்து உட்காதில் பொருத்தும் மின்கருவி. பல லட்சம் ஆகும் அந்த அறுவை சிகிச்சை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கிடைக்கிறது. வருமானச் சான்று, காப்பீட்டு அட்டை வேலையை இழுக்காமல் முடித்து வைத்துக்கொள்ளுங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்டால் எங்கே போக வேண்டும் என்று வழிகாட்டுவார்கள். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் ஆர்பிஎஸ்கே (பிள்ளைகளின் உடல்நலம் பார்க்கும் அரசுத் திட்டம்) வண்டி டாக்டர்களிடமும் சொல்லலாம்.

மூத்தவளைப் பற்றி ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் தெரியுமா? சிஎம்வி பெரும்பாலும் பரவுவது 1 முதல் 3 வயதுப் பிள்ளைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும்தான். அங்கன்வாடியில் ஒரே பொம்மையை 10 பிள்ளைகள் வாயில் வைக்கும். அங்கே தொற்றிய பிள்ளை நன்றாக ஓடி விளையாடிக்கொண்டே மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் வைரஸை வெளியிடும். வீட்டில் அம்மா என்ன செய்கிறாள்? பிள்ளை தின்றுவிட்டு வைத்த மிச்சச் சோற்றை வீணாக்க மனம் வராமல் தட்டோடு எடுத்துத் தின்கிறாள். பாதி கடித்த பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொள்கிறாள். இதைவிட நேரான வழி வைரஸுக்கு வேறு கிடையாது. நம் வீடுகளில் இதைச் சொன்னால் பிள்ளை எச்சில் தாய்க்கு ஆகாதா என்று சண்டைக்கு வருவார்கள். கர்ப்பமாக இருக்கும் அந்த 9 மாதம் மட்டும் மிச்சத்தைத் தின்ன வேண்டாம், ஒரே ஸ்பூன் வேண்டாம், உதட்டில் முத்தம் வேண்டாம், நெற்றியில் கொடுங்கள். ஜட்டி மாற்றியதும் மூக்குச் சளி துடைத்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். இதற்குத் தடுப்பூசி இன்னும் வரவில்லை, இருப்பது இந்தக் கைகழுவல்தான். உங்கள் மனைவிக்கு இப்போது இது பொருந்தாது. உங்கள் வீட்டில் அடுத்து கர்ப்பமாகப் போகும் தங்கை, கொழுந்தியாளுக்குப் பொருந்தும். இதைக் கேட்டு மூத்தவளை ஒதுக்கிவைத்துவிடாதீர்கள்.

ரூபெல்லாவுக்கு ஊசி இருக்கிறது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 9 மாதம் முதல் 15 வயது வரை தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டார்களே, வாட்ஸ்அப்பில் வதந்தி கிளம்பி சிலர் பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பாமல் வைத்துக்கொண்ட அந்த ஊசிதான். அப்போது 15 வயதைத் தாண்டியிருந்த பெண்கள்தான் இன்றைக்குப் பிள்ளை பெறும் வயதில் பலர், அவர்களில் ஊசி போடாதவர்கள் உண்டு. கல்யாணத்துக்கு முன் ரூபெல்லா ஐஜிஜி பார்த்து, இல்லையென்றால் போட்டுக்கொள்வது நல்லது. போட்டபின் ஒரு மாதம் கர்ப்பம் வேண்டாம், கர்ப்பத்தின்போது போடவே கூடாது.

மற்ற வைரஸ்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். டெங்கு, கொரோனா இரண்டும் கர்ப்பத்தில் வந்தால் தாய்க்கு ஆபத்து உண்டு. பிறக்கும் குழந்தையின் செவியை ரூபெல்லா போல இவை கெடுக்கும் என்று நிலைநிறுத்தப்படவில்லை. சிக்குன்குனியா பிரசவ நாளை ஒட்டி வந்தால் குழந்தைக்குத் தொற்றி மூளையைப் பாதிக்கலாம், அது வேறு கதை. பொன்னுக்கு வீங்கி பிறந்தபின் பிள்ளைக்கே வந்து சில சமயம் ஒரு காதை ஒரே வாரத்தில் சுத்தமாக அணைத்துவிடலாம், ஆகவே மூத்தவளுக்குக் கன்னம் வீங்கினால் வேப்பிலையோடு விட்டுவிடாதீர்கள்.

கிளம்பும்போது டிஸ்சார்ஜ் சீட்டு, காது டெஸ்ட் சீட்டு, டார்ச் ரிப்போர்ட் மூன்றையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே கிளம்பும் அரை மணி நேரத்துக்கு முன் பால் கொடுத்தால் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது சிறுநீர் தயாராக இருக்கும். பையில் ஒட்டும் சீட்டில் பெயரோடு குழந்தை பிறந்த தேதியையும் மாதிரி எடுத்த தேதியையும் தெளிவாக எழுதச் சொல்லி, அதை செல்போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.